கோல்ஃப் ஸ்விங்: கை எங்கே இருக்க வேண்டும், எப்போது மடங்க வேண்டும்

கோல்ஃப் பயிற்சித் திடலான டிரைவிங் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர் காதில் விழும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "இடது கையை நேரா வைங்க சார்." கேட்டவர் உடனே முழங்கையை இறுக்கிப் பூட்டிக்கொள்வார். தோள் விறைத்துவிடும், மார்பு திரும்ப மறுக்கும். பந்து ஒன்று தரையோடு உருளும், இல்லையேல் வலப்பக்கம் வளைந்து வேலிக்குப் போகும். அறிவுரையில் தவறில்லை. ஆனால் அதில் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லாமல் விட்ட பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

கால்வின் பீட் என்ற அமெரிக்க ஆட்டக்காரரைப் பாருங்கள். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்தவர். அதன்பிறகு அந்தக் கை முழுதாக நீளவே இல்லை. கோல்ஃப் ஆடத் தொடங்கியதே 23 வயதில்தான். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் அவர் 12 பட்டங்கள் வென்றார். 1981 முதல் 1990 வரை, தொடர்ந்து பத்து ஆண்டுகள், டிரைவர் (முதல் அடிக்கான நீண்ட மட்டை) அடியை ஃபேர்வேயில் (குழியை நோக்கிச் செல்லும், கட்டையாக வெட்டிய புல்பாதை) விழவைப்பதில் அந்த டூரிலேயே முதலிடம் அவருக்குத்தான். 1954-ல் யு.எஸ். ஓப்பன் வென்ற எட் ஃபர்கோலுக்கும் இதே கதை. சிறுவயது விபத்தில் இடது முழங்கை வளைந்தபடியே நின்றுவிட்டது. அந்தக் கையோடுதான் வென்றார்.

இருவர் கையும் வளைந்துதான் இருந்தது, ஆனால் எப்போதும் ஒரே அளவில் வளைந்திருந்தது. பந்தின் முன் நிற்கும்போது தோளுக்கும் பந்துக்கும் எவ்வளவு தூரமோ, பந்தை அடிக்கும் நொடியிலும் அதே தூரம். புதியவர்கள் தேட வேண்டியது இந்த மாறாத நீளத்தைத்தான். கோல்ஃப் பந்தின் விட்டம் 43 மில்லிமீட்டர்கூட இல்லை. கிளப்ஹெட், அதாவது கோல்ஃப் மட்டையான கிளப்பின் தலை, அதைத் தொட்டிருக்கும் நேரம் அரை மில்லிசெகண்ட் அளவு. கை அரை அங்குலம் சுருங்கினால் கிளப் பந்தின் மேற்பகுதியைச் சீவிப் போகும். அரை அங்குலம் நீண்டால் பந்துக்கு முன்பே மண்ணில் குத்தும். ஆகவே "நேராக" என்பதற்குப் பதில் "நீளமாக" என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான கையில் இறுக்கம் இருக்காது.

கீழே உள்ளதெல்லாம் வலக்கைக்காரர்களுக்காக எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். நடுத்தரத் தூரத்துக்கான கிளப்களான 7 அயர்ன் அல்லது 8 அயர்ன் ஒன்று போதும். டிரைவர் பையிலேயே இருக்கட்டும், அதற்குக் கடைசியில் வருவோம்.

பந்தின் முன் நிற்பது

கைகள் செய்யும் தவறுகளில் பாதி, கிளப் அசைவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

கிளப் இல்லாமல் தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து நில்லுங்கள். இடுப்பு மூட்டிலிருந்து முன்னே குனியுங்கள். முதுகு வளையக் கூடாது. முழங்கால் லேசாகத் தளரட்டும். இப்போது இரண்டு கைகளையும் தொங்கவிடுங்கள். தோளிலிருந்து நேர்கீழே, அவற்றின் எடைக்கே தொங்க வேண்டும். அப்படித் தொங்கும் இடத்தில் உள்ளங்கைகளைச் சேருங்கள். கிளப்பின் பிடி வர வேண்டிய இடம் அதுதான். பந்து எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கையை அங்கே நீட்டக் கூடாது. கை தொங்கும் இடத்துக்கு ஏற்ப நீங்கள்தான் பந்தை நெருங்கவோ விலகவோ வேண்டும். 7 அயர்னுக்குப் பிடியின் நுனிக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளி இருந்தால் சரி. கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, உடலுக்கு உடல் மாறும். வயிறு முன்தள்ளியவர்களும் மார்பு பெரிதாக உள்ள பெண்களும் சற்றே நிமிர்ந்து நின்றால் கை தடையில்லாமல் தொங்கும். இடது மேல்கை மார்புக்கு மேலே அமர்வதா, பக்கவாட்டில் அமர்வதா என்று இரண்டையும் முயன்று பார்த்து, உடம்பு எளிதாகத் திரும்பும் வழியை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து முழங்கைகள். கிளப்பைப் பிடித்தபின் இடது முழங்கையின் முனை இடது இடுப்பெலும்பைப் பார்க்க வேண்டும். அது இலக்கை நோக்கி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பிறகு பல வம்புகள் வரும். இதைச் சரிசெய்ய மணிக்கட்டைத் திருகாதீர்கள். பிடியை மாற்றாமல், மேல்கையைத் தோளிலிருந்து மட்டும் லேசாக வெளிப்பக்கம் சுழற்றுங்கள். முழங்கையின் உட்குழி கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பும். கையும் மார்பும் ஒன்றாக ஒட்டிக்கொண்டதுபோல் ஓர் உணர்வு வரும். அந்த உணர்வை நன்றாக நினைவில் பதியுங்கள்.

வலது முழங்கை தளர்ந்து, சற்றே மடங்கி, தரையைப் பார்க்க வேண்டும். பிடியில் வலது கை கீழே இருப்பதால் வலது தோளும் இயல்பாகவே கொஞ்சம் தாழும். பலர் வலது கையை விறைப்பாக நீட்டிக்கொள்கிறார்கள். உடனே வலது தோள் முன்னே வந்து, இரண்டு தோள்களும் இலக்குக்கு இடப்பக்கமாகத் திரும்பிவிடும். பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸ் அங்கேயே தொடங்கிவிட்டது. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. நிற்கும் நிலையிலேயே நண்பர் ஒருவரை, இன்னொரு கிளப்பை உங்கள் இரண்டு முன்கைகளின் மேல் குறுக்காக வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கிளப் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். இடப்பக்கம் காட்டினால் வலது முழங்கையைத் தளர்த்துங்கள்.

பிடியின் இறுக்கம் பற்றி ஒரு சொல். முழு பலத்தில் பிடிப்பது 10 என்றால் நமக்கு வேண்டியது 4 அளவு. விரல்களை இறுக்கினால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் முழங்கை பூட்டிக்கொள்ளும். வியர்வையால் கிளப் வழுக்கும் என்ற பயத்தில்தான் நம் ஊர் வெயிலில் பலரும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். துண்டும் மாற்று கிளவ் ஒன்றும் பையில் இருந்தால் அந்தப் பயம் போய்விடும்.

பின்னே கொண்டுபோவது

தோள்களும் இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு முக்கோணமாக இருப்பது குனிந்து பார்த்தாலே தெரியும். ஸ்விங்கின் முதல் பகுதியில் இந்த முக்கோணம் உருமாறாமல் மார்போடு சேர்ந்தே திரும்ப வேண்டும். கை மட்டும் தனியாகக் கிளப்பைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கிளப் தரைக்கு இணையாக, இடுப்பு உயரத்துக்கு வரும்போது நிறுத்திப் பாருங்கள். கைகள் வலது தொடைக்கு முன்னால் இருக்கும். உங்கள் வலப்பக்கம் நின்று இலக்கைப் பார்க்கிறவர் கண்ணுக்குக் கிளப்ஹெட் கைகளை மறைத்தபடி தெரியும். கிளப்ஹெட் உங்கள் முதுகுக்குப் பின்னே போயிருந்தால் முன்கையை உருட்டிவிட்டீர்கள் என்று பொருள். அதிகம் வெளியே இருந்தால் மார்பு திரும்பவில்லை, கைதான் தள்ளியிருக்கிறது.

அதற்குமேல் மணிக்கட்டு மடங்கும், வலது முழங்கையும் மடங்கத் தொடங்கும். இடது கை தரைக்கு இணையாக வரும்போது கையும் கிளப்பும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருந்தால் போதும். வலது முழங்கை தரையைப் பார்த்தபடி மடங்குகிறதா, பின்னே பறக்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும். சட்டையின் வலப்பக்கத் தையலைத் தாண்டி முதுகுப்பக்கம் அது போக வேண்டாம்.

உச்சியில் வலது கை இருக்க வேண்டிய நிலையை விளக்கக் கோச்சுகள் காலம் காலமாகச் சொல்லும் ஓர் உவமை இருக்கிறது. ஹோட்டலில் பரிமாறுபவர் தட்டைத் தோளுயரத்தில் ஏந்தி வருவாரே, அந்த நிலை: உள்ளங்கை மேல்நோக்கி, முழங்கை அதற்கு நேர்கீழே. இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஜாக் நிக்லாஸின் வலது முழங்கை உடலைவிட்டு வெளியே பறக்கும் என்பது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அந்த முழங்கையோடுதான் அவர் 18 மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்களை வென்றார். அவருடைய தோள் திருப்பமும் கால்களின் வலுவும் அதை ஈடுகட்டின. தொடக்கத்தில் இருக்கும் நமக்கு, முழங்கை கீழ்நோக்கி இருப்பதே பாதுகாப்பு.

இப்போது இடது கை. உச்சியில் அது மார்புக்குக் குறுக்கே, வலது தோளை நோக்கி நீண்டிருக்கும். லேசாக வளைந்தால் வளையட்டும். ஆனால் முழங்கை நன்றாக மடங்கி, கிளப் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது என்றால், அதன் காரணம் பெரும்பாலும் கையில் இருக்காது. மார்பு திரும்புவதை நிறுத்திய பிறகும் கை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆகவே மார்பு நின்றதும் கையும் நிற்க வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விங் குட்டையாகத் தோன்றும். தோன்றட்டும். கை தனியாகப் போகும் அந்த மிச்சத் தூரத்தில் வேகம் எதுவும் கூடுவதில்லை, பந்தைத் தொடும் இடம்தான் தவறுகிறது.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பும் முதுகும் எளிதில் திரும்பாது. அவர்கள் இடது குதிகாலைத் தரையிலிருந்து கொஞ்சம் எழ விடலாம், வலது பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைக்கலாம். நிக்லாஸும் குதிகாலை எழவிட்டவர்தான். இடுப்பு தாராளமாகத் திரும்பினால் மார்பும் திரும்பும். கை தானாகவே நீளமாக இருக்கும். முழங்கையை எவ்வளவு திட்டினாலும் நேராகாதது இடுப்பைத் தளர்த்தியதும் நேராவதைப் பலரிடம் பார்க்கலாம்.

கீழே வருவது

இந்தக் கட்டம் முடிய கால் நொடி அளவுதான் ஆகும். அதற்குள் யோசித்துக் கையை எங்கேயும் வைக்க முடியாது. அதனால் கீழிறங்கும்போது கைக்குக் கட்டளை கொடுக்காதீர்கள். காலுக்கு ஒன்று மட்டும் கொடுங்கள்: எடை இடது பாதத்துக்குப் போகட்டும். இடது இடுப்பு திரும்பத் தொடங்கினால் கைகள் தாமாகத் தாழும், வலது முழங்கை வலது இடுப்புக்கு முன்னால் வந்து சேரும். உச்சியிலிருந்தே வலது கையால் பந்தை ஓங்கி அடிக்கப் போனால் என்ன ஆகும்? வலது தோள் முன்னே பாயும். கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டும். பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும். ஸ்லைஸ் என்று எல்லோரும் அலுத்துக்கொள்வது இந்த அடியைத்தான்.

அயர்ன் அடியில் பந்தைத் தொடும் நொடியை நிறுத்தி எடுத்த படங்களில், நல்ல ஆட்டக்காரர்களின் கைகள் பந்தைவிடச் சற்று முன்னே, இலக்கின் பக்கம் இருக்கும். இடுப்பு இலக்கை நோக்கித் திறந்திருக்கும். வலது முழங்கை இன்னும் மடங்கித்தான் இருக்கும். புதியவர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும், ஏனென்றால் அடிக்கும்போதே இரண்டு கையும் நீண்டுவிட வேண்டும் என்றே நினைக்கிறோம். இரண்டு கைகளும் ஒருசேர முழுதாக நீளும் இடம் பந்தைத் தாண்டி ஓரிரு அடி தள்ளி இருக்கிறது. பந்து அந்தப் பாதையில் வந்து மாட்டுகிறது, அவ்வளவுதான். ரேஞ்சில் நிற்கும்போது பந்தைப் பார்க்காமல், பந்துக்கு இலக்குப் பக்கமாக ஒரு ஜாண் தள்ளி இருக்கும் புல்லை மனதில் குறிவைத்து வீசிப் பாருங்கள். கைகள் நீளும் விதமே மாறும்.

சிக்கன் விங்கும் கிரிக்கெட் கையும்

பந்தைத் தொட்டதும் இடது முழங்கை மடங்கி வெளியே துருத்திக்கொள்வதற்குச் சிக்கன் விங் என்று பெயர். புதியவர்களின் வீடியோவில் இதுதான் அதிகம் கண்ணில் படும். ஜோர்டான் ஸ்பீத்தின் இடது கையும், உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போன லீ வெஸ்ட்வுட்டின் இடது கையும் பந்தைத் தொடும்போது வளைந்துதான் இருக்கும். அதைக் காட்டி "அவர்களுக்கே வளைகிறதே" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் மார்பும் இடுப்பும் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்கின்றன, பந்தைத் தொடும் முகமான கிளப்ஃபேஸ் இலக்கையே பார்க்கிறது. நமக்கு முழங்கை துருத்துவது மார்பு நின்றுபோவதால். திரும்ப வழியில்லாத கைகள் மடங்கித்தானே ஆக வேண்டும்.

இன்னொரு காரணம், பந்தை மேலே தூக்க வேண்டும் என்ற ஆசை. 7 அயர்னின் முகம் ஏற்கெனவே ஏறத்தாழ 30 டிகிரி அளவு சாய்ந்திருக்கிறது. பந்தை மேலே அனுப்புவது அந்தச் சாய்வின் வேலை. நாம் தூக்கப் போனால் கை சுருங்கும், பந்தின் தலையில்தான் படும்.

நம் நாட்டில் கோல்ஃபுக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ட்ரெய்ட் டிரைவ் ஆடும்போது முன் முழங்கையை உயர்த்திப் பந்தின் பக்கம் கொண்டுவரச் சொல்லித்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மட்டையின் முகம் அடித்த பிறகும் பந்துவீச்சாளரையே பார்க்க வேண்டும், கீழ்க்கை மென்மையாக இருக்க வேண்டும். கோல்ஃபில் அந்த உயர்ந்த முழங்கைதான் சிக்கன் விங். இங்கே இடது முழங்கை அடித்த பிறகும் தரையைப் பார்த்தபடியே மடங்க வேண்டும். முன்கைகள் இயல்பாக உருண்டு, வலது முன்கை இடதுக்கு மேலே வர வேண்டும். கிரிக்கெட் ஆடியவர்களுக்குக் கண்ணும் கையும் நன்றாகவே ஒத்துழைக்கும், பந்து படாமல் போவது அரிது. ஆனால் இந்த ஒரு பழக்கத்தை மாற்றப் பொறுமை தேவைப்படும். கால்பந்தோ கபடியோ ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இருப்பதில்லை.

பயிற்சிகள்

இணையத்தில் பயிற்சிகள் கொட்டிக்கிடக்கின்றன. எல்லாவற்றையும் செய்தால் ஒன்றும் நிலைக்காது. கைகளுக்கு நான் எல்லோருக்கும் சொல்வது நான்குதான். முதல் இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை கூடுதல் லாபம்.

முதலாவது, அக்குளில் துணி. இடது அக்குளில் ஒரு கிளவையோ சிறு துண்டையோ செருகிக்கொண்டு பாதி ஸ்விங் அடிப்பது. விஜய் சிங் பயிற்சித் திடலில் இப்படித்தான் மணிக்கணக்கில் நிற்பார் என்று அவருடன் ஆடியவர்கள் சொல்வார்கள். ஃபிஜியில் இந்திய வம்சாவளியில் பிறந்து, மூன்று மேஜர் பட்டங்களும் 2004 என்ற ஒரே ஆண்டில் பி.ஜி.ஏ. டூரில் ஒன்பது வெற்றிகளும் பெற்றவர் அவர். செய்யும் முறை: 9 அயர்னோ வெட்ஜோ (குறைந்த தூரத்துக்கான, முகம் அதிகம் சாய்ந்த கிளப்) எடுங்கள். இடது கை தரைக்கு இணையாக வரும் வரை பின்னே, அதே அளவு முன்னே. துணி கீழே விழாமல் பந்தை அனுப்புங்கள். கை மார்பைவிட்டு விலகித் தனியாக ஓடினால் துணி விழுந்து காட்டிக்கொடுக்கும். அக்குளை நசுக்கிப் பிடிக்க வேண்டாம், லேசான தொடுகை போதும். முழு ஸ்விங்கில் இதைச் செய்யக் கூடாது. அங்கே கை சற்று உயரத்தான் வேண்டும், துணி விழுவது இயல்பு. இரண்டு அக்குளிலும் சேர்த்து நீளத் துண்டை வைத்துக்கொள்வது கிரீன் (குழி இருக்கும் புல்தளம்) அருகே அடிக்கும் குட்டி அடிகளுக்கு மட்டும் சரி.

இரண்டாவது, ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி. எதிரே நின்று பார்க்கிறவருக்கு உங்கள் தலை 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கை ஒன்பது மணிக்குப் போய், வலது கை மூன்று மணியில் முடிய வேண்டும். முடிந்த இடத்தில் அப்படியே நில்லுங்கள். பந்து எங்கே போனது என்று பார்க்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: இரண்டு கைகளும் நீண்டிருக்கின்றனவா, இடது முழங்கை தரையைப் பார்க்கிறதா, சட்டைப் பொத்தான்கள் இலக்கின் பக்கம் திரும்பியிருக்கின்றனவா. மூன்றாவதுதான் முக்கியம். பொத்தான்கள் இன்னும் பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற இரண்டும் தற்செயலாக அமைந்தவை. சோம்பேறித்தனமாகத் தோன்றும் இந்தச் சிறிய ஸ்விங்கில் 7 அயர்ன் பந்து போகும் தூரம் உங்களுக்கே நம்பிக்கை கொடுக்கும்.

மூன்றாவது, முன்கைகளுக்கு நடுவே பந்து. காற்று குறைந்த சிறிய ரப்பர் பந்தை இரண்டு முன்கைகளுக்கும் இடையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வைத்துப் பிடித்தபடி அதே பாதி ஸ்விங். முழங்கைகள் விலகினால் பந்து நழுவும். வலது முழங்கை பறக்கிறவர்களுக்கும் சிக்கன் விங் உள்ளவர்களுக்கும் இது நல்ல மருந்து. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நான்காவது வீட்டில் செய்வது. பந்தும் வேண்டாம், முழு நீளக் கிளப்பும் வேண்டாம். மடக்குக் குடை போதும். நிலைக்கண்ணாடி முன் நின்று, எண்ணெயில் நகர்வதுபோல் மெதுவாக ஒரு முழு ஸ்விங். ஒவ்வொரு நிலையிலும் நின்று முழங்கைகளைப் பாருங்கள். தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறதா, டியூப்லைட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, குழந்தைகள் பின்னால் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ரேஞ்சில் பந்து கண்முன் இருக்கும்போது உடம்பு பழைய வழிக்கே ஓடும். பந்து இல்லாத இடத்தில்தான் புதிய அசைவு ஒட்டிக்கொள்ளும். எனவே தினமும் ஐந்து நிமிடம் வீட்டில் செய்கிறவர், வாரம் ஒருமுறை வந்து இரண்டு கூடை பந்துகளை அடித்துத் தீர்க்கிறவரைவிட விரைவாக முன்னேறுவார்.

வீடியோ எடுப்பது

இப்போதைய செல்போன்களில் ஸ்லோமோஷன் இருக்கிறது. அது இலவசக் கோச். போனைக் கையின் உயரத்தில், அசையாமல் நிறுத்துங்கள். இரண்டு கோணங்கள் வேண்டும்: ஒன்று உங்கள் மார்புக்கு நேர் எதிரே, மற்றொன்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து இலக்கைப் பார்த்தபடி. இரண்டாவது கோணத்தில் போன் உங்கள் கைகளுக்கு நேர்பின்னே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஸ்விங்கின் பாதை தப்பாகத் தெரியும், இல்லாத குறையைத் திருத்தக் கிளம்பிவிடுவோம்.

எதிர்ப்பக்கப் படத்தில் நிற்கும் நிலை, உச்சி, பந்தைத் தொடும் நொடி, மூன்று மணி ஆகிய நான்கில் நிறுத்தி இடது முழங்கையை மட்டும் பாருங்கள். பக்கவாட்டுப் படத்தில் வலது முழங்கையை மட்டும். தலை, கால், இடுப்பு என்று வேறு எதையும் இப்போதைக்குப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம். அதை எல்லாப் பந்திலும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், பத்துப் பந்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு பந்து வலப்பக்கமே வளைகிறது என்றால் பிடியைச் சந்தேகியுங்கள். கை சரியாக இருந்தும் பிடி பலவீனமாக (கைகள் பிடியின் மேல் இடப்பக்கம் அதிகம் திரும்பி) இருந்தால் கிளப்ஃபேஸ் திறந்தே, வலப்பக்கம் பார்த்தபடியே வரும். இடது கையை மேலிருந்து பார்க்கும்போது இரண்டு விரல் கணுக்களாவது தெரிய வேண்டும். இதை ஒரு கோச்சிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது நல்லது. தொடக்கத்திலேயே நான்கைந்து வகுப்புகளுக்குச் செலவிடும் பணம், பின்னால் புது டிரைவர் வாங்கும் செலவைவிடப் பல மடங்கு பயன் தரும்.

முழங்கை வலித்தால்

இடது முழங்கையின் வெளிப்பக்கமோ, வலது முழங்கையின் உட்பக்கமோ வலிக்கத் தொடங்கினால் அதைப் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தசைநார்கள் தேய்ந்து புண்படும் தொல்லை இது. முதலாவதை டென்னிஸ் எல்போ என்றும், இரண்டாவதை கோல்ஃபர்ஸ் எல்போ என்றும் சொல்வார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இரண்டுமே வரும். இறுக்கமான பிடி, பூட்டிய முழங்கை, அடியில் கான்கிரீட் உள்ள மெல்லிய செயற்கைப் பாயின் (மேட்) மேல் திரும்பத் திரும்பக் குத்துவது ஆகியவை வழக்கமான காரணங்கள். அந்தப் பாய்க்கு இன்னொரு குறையும் உண்டு: பந்துக்குப் பின்னால் குத்தினாலும் கிளப் வழுக்கிப்போய்ப் பந்தைத் தொட்டுவிடும், அடி நன்றாக விழுந்ததுபோல் தோன்றும். புல் தரையில் அடிக்க வாய்ப்பு இருந்தால் அங்கே போங்கள். வலி வந்தால் சில நாள் முழுதாக ஓய்வு கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். பாதி ஸ்விங்தானே என்று வலியோடு அடிப்பது, இரண்டு வாரத்தில் போக வேண்டியதை ஆறு மாதத்துக்கு இழுக்கும்.

இனி டிரைவர்

7 அயர்னில், ஒன்பது மணி முதல் மூன்று மணி வரையிலான அடி பத்துக்கு ஏழு தடவை நேராகப் போகத் தொடங்கிய பிறகு டிரைவரை எடுங்கள். கைகளின் விதிகள் மாறுவதில்லை. இடங்கள் கொஞ்சம் மாறும். 7 அயர்ன் 37 அங்குலம் என்றால் டிரைவர் 45 அங்குலம் அளவில் இருக்கும். ஆகவே பந்திலிருந்து தள்ளி நிற்போம், பிடியின் நுனிக்கும் தொடைக்கும் இடைவெளி ஒன்றரைக் கைமுட்டியாகும். அப்போதும் கை தொங்கவே வேண்டும். நீண்ட கிளப்பைப் பார்த்ததும் எட்டிப் பிடிப்பதுதான் பொதுவான தவறு. பந்து இடது குதிகாலுக்கு நேராக, அதைத் தாங்கும் சிறு ஆணியான டீயின் மேல் இருக்கும். பந்து முன்னே இருப்பதால் தோள்களும் அதைத் தேடி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். வலது முழங்கையைத் தளர்த்தி, முன்கைகளின் மேல் கிளப் வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை இங்கே மறுபடி செய்யுங்கள்.

டிரைவரோடு வரும் முதல் சில வாரங்களுக்கு முக்கால் ஸ்விங் போதும். கூடைக்கு ஐம்பது பந்து என்றால் டிரைவருக்குப் பத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். அதுவும் நடுவில், களைப்பு தட்டும் முன். கடைசிப் பத்துப் பந்துகளை மறுபடி வெட்ஜோடு, அக்குளில் துணி வைத்து அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.